அதே மாதிரி ஒரு போர்டு

கண் பரிசோதனை போர்டில் ஆறாவது வரிசையின் மூன்றாவது எழுத்தைக் கரையான் தின்றுவிட்டது. தின்று எட்டு நாள் ஆகிவிட்டது. அந்த எட்டு நாளும் கண்ணாடிக் கடையின் சோதனை அறைக்குள் போனவர்கள் அந்த இடம் வந்ததும் "ஓட்டை" என்று படித்தார்கள். முதலாளி அத்தனை பேருக்கும் ஒரு தப்பு போட்டார்.

ஒன்பதாம் நாள் வந்த ஓர் அம்மாள் சண்டைக்கு நின்றுவிட்டாள்.

"ஓட்டையை ஓட்டைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்று அவள் போட்ட சத்தம் கவுண்டர் வரைக்கும் கேட்டது. "எழுந்து போய் விரலை விட்டே காட்டட்டுமா?"

காட்டியே விட்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் முதலாளி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஃபிரேம் தம்பி, போர்டு கெட்டுப்போச்சாம். புதுசா ஒண்ணு அடிச்சு மாட்டிடு. அதே மாதிரி இருக்கணும். புரியுதா? அதே மாதிரி."

"சரிங்க முதலாளி," என்றான் ஃபிரேம் தம்பி. அப்போதே அவனுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

ஃபிரேம் தம்பிக்கு வயது முப்பத்தாறு. கடைக்கு வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி ஃபிரேமை வளைத்துக் கொடுப்பது அவன் வேலை. பதின்மூன்று வருஷமாக அதையே செய்ததில், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே அந்தத் தெருவில் ஒழிந்துபோயிற்று. வீட்டில் மனைவி மட்டும் "என்னங்க" என்பாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் வரை அவனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. அப்புறம்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றினான். கல்யாண போட்டோவில் மாமனாரின் தலைக்குப் பின்னால் முளைத்திருந்த விளக்குக் கம்பத்தை எடுப்பதுதான் நோக்கம். கம்பம் இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதை எடுக்கப் போன வழியில், எழுத்துக்கு நிழல் போடுகிற பட்டனை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அன்றிலிருந்து எந்த எழுத்தையும் அவனால் சும்மா விட முடியவில்லை. எழுத்தென்றால் அதற்கு நிழல் வேண்டும். விளிம்பில் தங்கம் வேண்டும். முடிந்தால் உள்ளே ஓர் அருவி ஓட வேண்டும். வீடியோ பார்த்துப் பார்த்து லேயருக்கு மேல் லேயர் அடுக்கக் கற்றுக்கொண்டான். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் செய்து ஒட்டினான். 'உப்பு' பனிக்கட்டியில் செதுக்கினது மாதிரி இருந்தது. 'சர்க்கரை'யும் பனிக்கட்டியில் செதுக்கினது மாதிரியே இருந்தது.

"எழுத்து ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள் மனைவி, வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டு. "என்ன எழுத்துன்னுதான் தெரியலை."

"கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும்."

"தள்ளி நின்னு எப்படிங்க டப்பாவுல இருந்து சர்க்கரை எடுக்கறது?"

கலை தெரியாதவர்களிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டான். இப்பேர்ப்பட்டவனிடம்தான் முதலாளி ஏழு வரிசை எழுத்தை ஒப்படைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய போர்டின் போட்டோவைத் திரையில் விரித்துப் பார்த்தான். அவனுக்குப் பாவமாக இருந்தது. மேலே பெரிதாக ஒரு 'ப'. அதன் கீழே 'ட', 'ம'. அதற்கும் கீழே 'ய', 'ப', 'ட'. எல்லாம் சதுரம் சதுரமாக, பெட்டியை உடைத்துப் போட்ட மாதிரி. 'ட'வுக்கு நிழல் போட்டுப் பார்த்தான். எடுபடவே இல்லை. விழுகிற நிழல் வளைந்து ஓட ஒரு சுழியாவது வேண்டாமா?

ஒரே ஒரு ஓரத்தில் முயன்று பார்ப்போம் என்று, கடைசி இரண்டு வரிசையில் மட்டும் இருந்த எழுத்துகளை எடுத்துவிட்டு ஞ, ழ, ண, ஐ என்று வளைவும் சுழிப்புமாகச் சிலதை வைத்தான். எந்த எழுத்தாக இருந்தால் என்ன, தெரிகிறதா இல்லையா என்பதுதானே கேள்வி? அளவில் கை வைக்கவில்லை. அந்த நேர்மை அவனிடம் இருந்தது. பிறகு போர்டு முழுவதற்கும் மெல்லிய நிழல், விளிம்பில் தங்கக் கோடு. நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அச்சுக் கடையில் அடித்து வாங்கி, முதலாளி வருவதற்கு முன்பே மாட்டிவிட்டான். பழைய போர்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஃபிரேம் வைக்கும் இழுப்பறைகளுக்கு அடியில் விரித்தான். எதையும் வீணாக்கக் கூடாது என்பது முதலாளியின் கொள்கை.

முதலாளி அன்றைக்கு அரை மணி தாமதமாக வந்தார். "ரோட்டில ஒருத்தனும் ஒழுங்கா வண்டி ஓட்டறதில்லை," என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார்.

முதலாளியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அறுபத்திரண்டு வயது. கடை வைத்து இருபத்தாறு வருஷம். மூக்கின் மேல் கண்ணாடி ஏறியதில்லை. "கண்ணாடிக் கடைக்காரன் கண்ணு நல்லா இருந்தாத்தான்டா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்" என்பார். அதைவிடப் பெரிய விஷயம் அவருடைய மரியாதை. தெருவில் யாரைக் கண்டாலும் கையை நெற்றி வரைக்கும் தூக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டி, "வணக்கம், வாங்க வாங்க" என்பார். எதிர்த் துணிக்கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்தியிருக்கும் பொம்மைக்குக்கூட ஒரு நாள் அப்படி வணக்கம் வைத்தார். மனிதருக்குத்தான் எவ்வளவு பணிவு என்று ஃபிரேம் தம்பி நெகிழ்ந்துபோனான்.

"போர்டு மாட்டிட்டேன் முதலாளி. எப்படி இருக்கு?"

முதலாளி சோதனை அறைத் திரையை விலக்கி, உள்ளே தலையை நீட்டி, உடனே வெளியே எடுத்தார்.

"நல்லா இருக்கு. அதே மாதிரியே இருக்கு."

ஃபிரேம் தம்பிக்கு முகம் தொங்கிப்போயிற்று. தங்க விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் கடைசி இரண்டு வரிசை தப்பு. நல்ல பார்வையோடு சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர்களும் கையில் சீட்டோடு வெளியே வந்தார்கள்.

"எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது," என்றார் ஒரு ஆசிரியர், ஃபிரேமுக்கு மூக்கைக் கொடுத்தபடி. "படிச்சதெல்லாம் தப்புங்கிறாரு."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க," என்றான் ஃபிரேம் தம்பி. ஆனால் அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. நிழல் அதிகமாகிவிட்டதோ? சின்ன எழுத்தில் நிழல் விழுந்து, எழுத்து எது நிழல் எது என்று தெரியாமல் ஜனங்கள் உளறுகிறார்களோ? உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால், சோதனை நடக்கும்போது யாரும் திரையைத் தாண்டக் கூடாது என்பது கடைச் சட்டம்.

முதலாளியிடம் சொல்லிவிடலாம்தான். 'அதே மாதிரி' என்று ரெண்டு தடவை சொன்ன மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது மாமனார் வந்திருந்தார்.

மாமனார் பஸ் டிரைவர். மனைவியை இழந்தவர். டிப்போ குடியிருப்பில் தனியாக இருந்தார். முப்பத்தொரு வருஷம் ஓட்டியதில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவருக்குக் கிடைத்த ஒரே பட்டம். எப்போதும் கதவு அதிரச் சிரிக்கிறவர், அன்றைக்குக் கட்டில் நுனியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு என்ன மாப்பிள்ளே? எனக்குக் கண்ணு போயிடுச்சாம்."

"யார் சொன்னது?"

"கம்பெனி. நேத்துக் காலையில ஸ்டாப்புல வண்டியை நிறுத்தி ஆள் ஏத்திட்டிருக்கேன். பின்னாடி இருந்து ஒரு ஸ்கூட்டர் வந்துது. கண்ணாடியில பாத்துட்டே இருக்கேன், நேரா வருது. ஒதுங்குவான் ஒதுங்குவான்னு பாத்தா, பஸ்ஸோட பக்கவாட்டுல டமார்னு உரசிட்டுப் போறான்! ஹெல்மெட் போட்டிருந்தான், மூஞ்சி தெரியலை. நிறுத்துடான்னு கத்தினேன். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? திரும்பி, கையை நெத்தி வரைக்கும் தூக்கி, எனக்கு வணக்கம் வெச்சுட்டுப் போறான்!"

"இடிச்சுட்டு வணக்கமா?" என்றாள் மனைவி.

"அதான்மா. நின்னுட்டிருந்த பஸ்ல வந்து எவனாவது இடிப்பானா, நீதான் வண்டியை நகத்தியிருப்பே, பின்னாடி வந்தவன் உனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு மேனேஜர் எழுதிட்டாரு. அவன் வண்டியோட இண்டிகேட்டர்ல ஒரு சில்லு உடைஞ்சு விழுந்துது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். 'இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது'ன்னு சிரிக்கிறாரு."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை மறுபடி மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமைக்குள்ள கண் சோதனைச் சீட்டு வேணுமாம். அதுவும் உங்க கடைச் சீட்டுதான் செல்லுமாம். இல்லேன்னா வண்டியைத் தர மாட்டாங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சீட்டுல ஒண்ணும் வராது மாப்பிள்ளே. ரெண்டு ஸ்டாப் தள்ளிக் கையைக் காட்டறவனோட மோதிரத்தை நான் பாத்துச் சொல்லுவேன். ஆனா இந்த வயசுல, உனக்குக் கண்ணு தெரியுதான்னு கேட்டுட்டாங்களேங்கிறதுதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஃபிரேம் தம்பிக்கு அவரைப் பார்க்க நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அதோடு பயமாகவும் இருந்தது. சமையலறையில் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அப்படியே வேலை போனாலும் கவலை இல்லைங்க. அப்பா நம்மகூடவே வந்து இருக்கட்டும். கம்ப்யூட்டர் மேஜையை எடுத்துட்டா ஒரு கட்டில் போட்டுடலாம். நான் அளந்து பாத்துட்டேன். சரியா இருக்கு."

மாமனார் தூக்கத்தில் பிரேக் போடுகிறவர். கட்டில் சுவரில் மோதும். அது பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். மேஜை போய்விட்டால் எழுத்துக்கு நிழல் எங்கே போடுவது? சனிக்கிழமைக்குள் போர்டைச் சரி செய்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தான். அவருக்காகவும், மேஜைக்காகவும்.

புதன்கிழமை விடிந்ததும் உட்கார்ந்தான். நிழலை எடுத்தான். தங்கத்தை எடுத்தான். எல்லாவற்றையும் எடுத்ததும் எழுத்து மொட்டையாக நின்றது. இப்படி விட்டால் எழுத்து பளிச்சென்று இருக்காதே என்று தோன்றியது. பளிச்சென்று இருக்க என்ன வழி? எழுத்துக்குள் போட்டோவை நுழைக்கிற வித்தை அவனுக்குப் போன வாரம்தான் கைகூடியிருந்தது. நல்ல வெயிலில் எடுத்த அருவிப் படம் ஒன்றை எழுத்துகளுக்குள் கொட்டினான். 'ட'வுக்குள் அருவி நிற்கவில்லை, ஒழுகின குழாய் மாதிரி இருந்தது. அகலமான எழுத்தாக இருந்தால்தான் தண்ணீர் விழுவது தெரியும். எனவே மூன்றாவது வரிசையிலிருந்து கீழே முழுக்க மாற்றி, ண, ஞ, ஐ, ஔ என்று வயிறு பெருத்த எழுத்துகளாகப் போட்டு, அச்சடித்து மாட்டினான்.

அன்றைக்கு வந்தவர்கள் மூன்றாவது வரிசையிலேயே விழுந்தார்கள்.

அதில் எதிர்வரிசை முடிதிருத்தும் கடைக்காரரும் ஒருவர். பகலில் கையோடு கண்ணாடி வாங்கிப் போனவர், மறுநாள் காலையில் ஒரு வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். அந்த வாடிக்கையாளருக்கு மீசை ஒரு பக்கம் மட்டும் இருந்தது.

"அண்ணே, கண்ணாடி போட்டதுல இருந்து கத்திரி ரெண்டா தெரியுது."

"பழகிடும்," என்றார் முதலாளி. "ரெண்டுல வலது பக்கக் கத்திரியைப் புடிங்க."

"வலது பக்கத்தைத்தான் புடிச்சேன்."

"அப்ப இடது பக்கத்தைப் புடிங்க. எதுக்கும் இன்னொரு தடவை உள்ளே வாங்க, பாத்துடலாம்."

உள்ளே போன முடிதிருத்தும் கடைக்காரர் முன்னிலும் தடித்த கண்ணாடிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஒற்றை மீசைக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, மீதிப் பாதியைக் கையால் பொத்திக்கொண்டு வேறு தெருப் பக்கம் போய்விட்டார்.

ஃபிரேம் தம்பி அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினான். அருவிதான் குற்றவாளி என்று இப்போது அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் கண் அலைபாயத்தானே செய்யும்? அருவியை வடித்தான். கெட்டியான கறுப்பு நிறம் கொடுத்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வரிசைகளை வில் மாதிரி வளைத்தால், பார்க்கிறவர்களுக்கு ஒரு புன்னகை தெரியும், பதற்றம் குறையும், நிதானமாகப் படிப்பார்கள் என்று தோன்றிவிட்டது. வளைத்தான். வளைவின் உச்சியில் 'ப' உட்காரவில்லை, கால் கழன்ற நாற்காலி மாதிரி ஆடியது. பதினைந்து நிமிஷம் போராடிவிட்டு, அதையும் எடுத்துவிட்டு 'ழ'வை உட்கார வைத்தான். 'ழ' ராஜா மாதிரி உட்கார்ந்தது.

வியாழக்கிழமை பிற்பகலிலிருந்து யாருக்கும் மேல் வரிசைகூடத் தெரியவில்லை. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முதலாளி கவுண்டருக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வியாபாரம் பெருகுகிறதே என்று அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"ஊருக்கே கண்ணு போயிட்டிருக்குடா தம்பி. இருபத்தாறு வருஷத்துல நான் இப்படிப் பாத்ததில்லை. திங்கக்கிழமை சின்ன எழுத்து தெரியலை. புதன்கிழமை நடுத்தர எழுத்து தெரியலை. இப்ப பெரிய எழுத்தே தெரியலை. எல்லாம் இந்த செல்போன். சின்னக் குழந்தைங்கடா! சிரிச்சுக்கிட்டே தப்புத் தப்பாப் படிக்குதுங்க."

"போர்டுல ஏதாவது..." என்று இழுத்தான் ஃபிரேம் தம்பி.

"போர்டுல என்ன இருக்கு? அது பாட்டுக்கு இருக்கு. உங்க மாமனாரை நாளைக்குக் கூட்டிட்டு வா. மனசைத் திடப்படுத்திக்கிட்டு வா. இந்த நிலைமையில நான் எதுவும் சொல்றதுக்கில்லை."

பழைய போர்டை எடுத்து ஒட்ட வைக்கலாமா என்று ஃபிரேம் தம்பி இழுப்பறைகளைக் கவிழ்த்துப் பார்த்தான். பாதியைக் கரையான் மேற்கொண்டு சாப்பிட்டிருந்தது.

அன்று மாலை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தான். வெள்ளைத் தாள். கறுப்பு எழுத்து. நிழல் கிடையாது, விளிம்பு கிடையாது, வளைவு கிடையாது. பாடப்புத்தகத்தில் இருக்கிற சாதாரண ஃபான்ட். நிழல் போடுகிற பட்டன் திரையின் ஓரத்தில் கண் சிமிட்டிக் கூப்பிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். எழுத்து விஷயத்தில் மட்டும் மாமாவுக்கு ஒரு சின்ன உதவி செய்தான். மனிதர் படபடப்பில் இருப்பார், யோசிக்க வைக்கக் கூடாது. மேலே 'அ'. அதன் கீழே 'ஆ', 'இ'. அதற்கும் கீழே 'ஈ', 'உ', 'ஊ'. அப்படியே கடைசி வரிசை வரைக்கும் ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசை. பார்வையே இல்லாதவன்கூட இதைத் தப்பாகப் படிக்க முடியாது. கொஞ்சம் திருட்டுத்தனம்தான். முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டினவருக்காகச் செய்ததில் தப்பில்லை என்று தேற்றிக்கொண்டான்.

"இது என்னங்க, இப்படி இருக்கு?" என்றாள் மனைவி, திரையைப் பார்த்து. "எல்லாம் புரியுதே!"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமனார் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்து இறங்கினார். கடை வாசலில் படி ஏறும்போது, நாலு கடை தள்ளி மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையில் சின்ன எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஏறினார். ஃபிரேம் தம்பிக்கு உயிர் வந்தது.

"குடும்பத்து ஆளுங்கிறதால நீயும் உள்ளே வா," என்று முதலாளி அவனுக்காகக் கடைச் சட்டத்தைத் தளர்த்தினார். கெட்ட செய்தியைத் தனியாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று தெரிந்தது.

நீளமான, குறுகலான அறை. இந்தக் கோடியில் நாற்காலி. அந்தக் கோடிச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில், பளீரென்று புதுப் போர்டு. முதலாளி நாற்காலிக்கு முன்னால், போர்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டு, மாமனாரின் முகத்தையே பார்த்தார்.

"மேல இருந்து படிங்க."

"அ."

முதலாளி மெதுவாக மூச்சு விட்டார். சீட்டில் ஒரு கோடு போட்டார்.

"அடுத்தது?"

"ஆ, இ."

இன்னொரு கோடு. "ம்... அடுத்தது?"

"ஈ, உ, ஊ. எ, ஏ, ஐ, ஒ..." மாமனார் ஓட்டைப் பஸ்ஸை இறக்கத்தில் விட்ட மாதிரி நிற்காமல் கடைசி வரிசை வரைக்கும் போய், சுவரில் அதற்கும் கீழே ஓடிய எறும்பையும் சேர்த்துச் சொல்லி முடித்தார்.

முதலாளி பேனாவை மூடினார். மாமனாரின் தோளில் கையை வைத்தார்.

"ஐயா, மனசைத் தளர விடாதீங்க. ஒரு எழுத்துகூடச் சரியில்லை."

ஃபிரேம் தம்பி போர்டை மறுபடி மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தான். அவன் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறான்? மாமனார் படித்தது அத்தனையும் சுவரில் அப்படியே இருக்கிறது. ஆனால் முதலாளி தப்பு என்கிறார். பதின்மூன்று வருஷமாக முதலாளியின் வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவன் அவன். மாமனாரின் கண்ணில் தண்ணீர் திரள்வதைப் பார்த்ததும் அவனுக்குத் தாங்கவில்லை. தப்பு எங்கே இருந்தாலும் அது தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று உடைந்துபோனான்.

"முதலாளி! மாமா கண்ணுல ஒண்ணுமில்லை. எல்லாம் நான் பண்ணின வேலை. போர்டுல நான் விளையாடிட்டேன்."

"என்னடா விளையாட்டு?"

"திங்கக்கிழமை நிழல் போட்டேன். தங்க விளிம்பு வெச்சேன். புதன்கிழமை எழுத்துக்குள்ள அருவி விட்டேன். அப்புறம் எல்லா வரிசையையும் வில்லு மாதிரி வளைச்சேன். அதனாலதான் யாருக்கும் எதுவும் தெரியலை. மன்னிச்சுடுங்க."

"அருவியா?" என்றார் முதலாளி. "எங்கேடா?"

"போர்டுல."

"நம்ம போர்டுலயா?"

"ஆமா முதலாளி. பெரிய அருவி. நீங்க பாக்கலையா?"

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எதுக்குடா பாக்கணும்? இருபத்தாறு வருஷமா அந்த போர்டு எனக்கு மனப்பாடம். மேல ப. அப்புறம் ட, ம. அப்புறம் ய, ப, ட. தூக்கத்துல எழுப்பிக் கேளு, கடைசி வரிசை வரைக்கும் சொல்றேன்!"

ஃபிரேம் தம்பியின் மனதில் அந்த வாரம் முழுவதும் திரும்ப ஓடியது. கழுத்து சாய்ந்தவர்கள், சிரித்துக்கொண்டே படித்த குழந்தைகள், ஆசிரியர், ஒற்றை மீசை. ஊரில் ஒருத்தருக்கும் கண் கெடவில்லை. கடைக்கு வருவதற்கு முன்னால் கெட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமனார் நிதானமாக நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீங்க ஒரே ஒரு தடவை திரும்பி அந்த போர்டைப் பாத்துச் சொல்லுங்களேன்," என்றார்.

"பாத்தா என்ன? தாராளமாப் பாக்கறேன்," என்று முதலாளி வீம்பாகத் திரும்பினார்.

அந்தக் கோடியில் போர்டு ஆளுயரத்துக்கு வெள்ளைவெளேரென்று நின்றது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு 'அ'. முதலாளி அதை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்த கோபம் வடிந்து, வழக்கமான மரியாதை வந்து உட்கார்ந்தது. கையை நெற்றி வரைக்கும் தூக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டினார்.

"வணக்கம், வாங்க வாங்க! கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்க. இவரை முடிச்சுட்டுக் கூப்பிடறேன்."

போர்டு பதில் சொல்லவில்லை. மாமனார் அந்தத் தூக்கிய கையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஆரஞ்சுச் சில்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மருமகன் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளே, வாசல்ல முதலாளியோட ஸ்கூட்டர் நிக்குதில்ல, அதுல இடது பக்க இண்டிகேட்டர் முழுசா இருக்கான்னு கொஞ்சம் பாத்துட்டு வா."